எதிர்த்தரப்பில் நின்று பாருங்கள்



கல்லூரிகள் திறந்து வகுப்புகள் சூடுபிடித்துவிட்டன. இனி மன்றத் தொடக்க விழாக்கள், பேச்சுப் போட்டிகள், பட்டிமன்றங்கள் என்று அரங்குகள் நிறையத் தொடங்கும். இந்த ஆண்டு அந்த மேடைகளில் ஒரு சாட்சிக் கூண்டையும் போட்டுவையுங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இப்படி வழக்கு நடத்திப் பார்ப்பது புதிதில்லை. பார் கவுன்சில் 2008இல் வகுத்த சட்டக் கல்வி விதிகளின்படி மாதிரி நீதிமன்றப் பயிற்சி அவர்களுக்குக் கட்டாயம். 1960 முதல் நடந்துவரும் ஜெசப் போட்டியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பன்னாட்டு நீதிமன்றத்தில் இரண்டு நாடுகள் வழக்காடுவதாக ஒரு கற்பனை வழக்கைக் கொடுப்பார்கள். உலகெங்குமிருந்து சட்ட மாணவர்கள் வந்து வாதாடுவார்கள். ஒவ்வோர் அணியும் இரண்டு நாடுகளுக்காகவும் எழுத்துவாதம் தயாரிக்க வேண்டும், இரண்டுக்காகவும் எழுந்து பேச வேண்டும்.

என் கவலை சட்டம் படிக்காத பிள்ளைகளைப் பற்றியது. வேளாண்மை, வேதியியல், பொருளியல், செவிலியம், தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள்தான் நாளை நம் ஊரின் குடிநீர், மருத்துவமனை, பள்ளிக்கூடம், வயல் பற்றிய முடிவுகளை எடுக்கப்போகிறார்கள். ஒரு சர்ச்சையை ஆதாரத்தை வைத்து எப்படி அலசுவது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் படிக்கும் மாணவர்களுக்கென்றே ஒரு மாதிரி விசாரணைக் கழகம் இருக்கிறது. அயோவா மாநிலத்தின் டிரேக் பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கியது. எந்தப் பாடம் படிப்பவரும் சேரலாம். ஆண்டுதோறும் ஒரு கற்பனை வழக்கை எழுதி, சாட்சிகளின் பிரமாண வாக்குமூலங்கள், அறிக்கைகள், படங்கள் எல்லாவற்றையும் கோப்பாகக் கட்டி நாடு முழுவதும் உள்ள அணிகளுக்கு அனுப்புகிறார்கள். எல்லாருக்கும் அதே கோப்புதான். ஒரு தரப்புக்கு மூன்று வழக்கறிஞர்கள், மூன்று சாட்சிகள், எல்லாரும் மாணவர்களே. ஒரு போட்டியில் நான்கு சுற்று. இரண்டில் வாதி, இரண்டில் பிரதிவாதி. மதிப்பெண் வாதத்துக்கும் சாட்சியத்துக்கும்தான். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதற்கு இல்லை.

அங்கே ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. சாட்சியாக நடிக்கும் மாணவர் கோப்பில் இல்லாத முக்கியமான விவரம் எதையும் தாமாகச் சேர்த்துச் சொல்லக் கூடாது. சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவருடைய வாக்குமூலத்தை எடுத்து நீட்டி, ‘இது இதில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்’ என்று கேட்பார். பத்தொன்பது வயதில் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒருமுறை வாயடைத்து நின்றவர், பிறகு கைபேசிக்கு வரும் செய்தியை அப்படியே நாலு பேருக்குத் தள்ளிவிட மாட்டார் என்று நம்புகிறேன்.

நமக்குப் பட்டிமன்றம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதை நான் நெஞ்சார நேசிக்கிறேன். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய பிறகு இலக்கியம் கேட்க ஊர் திரண்டது. குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த பட்டிமன்றங்களைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. வாலியை மறைந்திருந்து கொன்ற இராமனைக் கூண்டில் ஏற்றும் வழக்காடு மன்றங்கள் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடந்திருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேடைக் கூச்சத்தைப் போக்கியதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் பட்டிமன்றத்தில் பேச்சாளர் பேசி முடித்ததும் கைதட்டல் வருகிறது, அடுத்தவர் எழுந்து வருகிறார். நடுவே எழுந்து, ‘நீங்கள் சொன்ன புள்ளிவிவரம் எந்த ஆண்டுக்குரியது? யார் எடுத்தது?’ என்று யாரும் கேட்பதில்லை. எதிரணி பதில் சொல்லும்போதும், சொன்ன ஆளை நிறுத்திவைத்து விசாரிப்பதில்லை. ஒரு நகைச்சுவையால் தாண்டிப் போய்விடலாம். மாதிரி நீதிமன்றம் இந்த ஒரு குறையை நிரப்புகிறது. அங்கே பேசியவர் கூண்டைவிட்டு இறங்கிவிட முடியாது. குறுக்கு விசாரணை முடியும் வரை நிற்க வேண்டும்.

இந்த மரபு நம்மிடம் இல்லாததும் இல்லை. பெரிய புராணத்தில் சுந்தரர் திருமணத்தில் வந்து நிற்கும் முதியவரை நினைத்துப் பாருங்கள். ‘இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது’ என்கிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. பக்திக் கதையாக மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சேக்கிழார் அந்த விசாரணையை எவ்வளவு நுட்பமாக எழுதியிருக்கிறார் என்று கவனிப்பதில்லை. பழைய வழக்கம், ஆவணம், அயலார் சாட்சி, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்று சபை கேட்கிறது. கிழிபட்டது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். இதையும் கிழிக்க விடமாட்டோம் என்று சபையார் உறுதி சொன்ன பிறகே அது வெளியே வருகிறது. கணக்கரான கரணம் வாசிக்கிறார். சாட்சிக் கையெழுத்துகள் சரிபார்க்கப்படுகின்றன. பாட்டனுடைய கைச்சாத்தோ என்று தெரிந்துகொள்ள, காப்பில் இருந்த அவருடைய வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்பிடுகிறார்கள். நகல், மூலம், ஆவணப் பாதுகாப்பு, கையெழுத்து ஒப்பீடு என்று இன்றைய சாட்சியச் சட்ட வகுப்பில் சொல்லித்தரும் படிகள் எல்லாம் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் காப்பியத்தில் வரிசையாக வந்து நிற்கின்றன.

சைவ சித்தாந்தத்தின் சிவஞான சித்தியாரும் அப்படித்தான். அருணந்தி சிவாசாரியார் தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம் என்று ஒரு பெரும்பகுதியை எழுதினார். உலோகாயதர் முதலாகப் பிற மதத்தார் ஒவ்வொருவரும் சொல்வதை முதலில் எடுத்து வைக்கிறார். மறுப்பு அதற்குப் பிறகுதான். எதிராளியின் வாதத்தை அவன் வாயாலேயே சொல்லத் தெரியாதவனுக்கு மறுக்கும் தகுதி இல்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

சரி, இன்றைய கல்லூரியில் எந்த வழக்கை எடுப்பது? எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். கத்தரிக்காய்.

கத்தரி போட்டவர்களுக்குத் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவின் தொல்லை தெரியும். காய்க்குள் போய்விட்டால் மருந்து எட்டாது. அதனால் அது போகும் முன்னே திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் புகுத்தி, புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கும்படி செய்ததுதான் பி.டி. கத்தரி. மகிகோ நிறுவனம் உருவாக்கியது. நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கர்நாடகத்தின் தார்வாட் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தங்கள் சொந்த ரகங்களில் அதே மரபணுவை ஏற்றும் பணியில் கூட்டாளிகளாக இருந்தன. 2009 அக்டோபர் 14 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டார். (அந்த ஏழில் சென்னை இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.) 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்து அறிவித்தார்.

இதைக் கூண்டில் ஏற்றுவோம். முதல் வேலை, வழக்கை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. மாணவர்கள் இங்கேயே தடுமாறுவார்கள், தடுமாறட்டும். ‘2010இல் அமைச்சர் எடுத்த முடிவு சரியா?’ என்பது ஒரு வழக்கு. ‘அந்தத் தடை இன்றும் நீடிக்க வேண்டுமா?’ என்பது வேறொரு வழக்கு. முதலாவதற்கு 2010 பிப்ரவரி வரை கையில் இருந்த சான்றுகளை மட்டும்தான் பார்க்க முடியும். இரண்டாவதற்கோ அதன் பின் வந்தவை எல்லாமும் வரலாம். வங்கதேசம் 2013இல் ஒப்புதல் கொடுத்து, 2014 முதல் விவசாயிகள் பி.டி. கத்தரி பயிரிடுகிறார்கள். விளைச்சல் கூடியது, மருந்துச் செலவு குறைந்தது என்று அங்கே செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மறுபக்கத்தில், அதே வகைப் புரதத்தை உண்டாக்கும் பி.டி. பருத்தியைத் தாக்காது என்று நம்பிய இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தின் சில மாவட்டங்களில் அந்தப் புரதத்துக்குப் பழகிக்கொண்டுவிட்டது என்ற செய்தி 2010 மார்ச்சில் வந்தது, அமைச்சர் முடிவு சொன்ன அடுத்த மாதம். இரண்டும் கனமான சான்றுகள். முதல் வழக்கில் இரண்டுமே செல்லாது.

அடுத்தது, நிரூபிக்க வேண்டியது யார்? விதையை விற்க வருகிறவர் ஆபத்தில்லை என்று காட்ட வேண்டுமா, வேண்டாம் என்பவர் ஆபத்து உண்டு என்று காட்ட வேண்டுமா? கொலை வழக்கில் அரசுத் தரப்பு காட்ட வேண்டும், அதில் குழப்பமில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு வரும் புதிய பொருளுக்கு? ஒரு நல்ல பேராசிரியர் கையில் இந்த ஒரு கேள்வி அரைப் பருவத்துக்கு ஓடும்.

இனி விசாரணை. நச்சியல் வல்லுநராக நிற்கும் மாணவியைக் குறுக்கு விசாரணை செய்கிறார் எதிர்த்தரப்பு மாணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘அம்மா, உண்பதற்குப் பாதுகாப்பானது என்று சொன்னீர்கள். எந்த ஆய்வை வைத்து?’

‘எலிகளுக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு.’

‘கத்தரிக்காயை மனிதர்கள் எத்தனை நாள் சாப்பிடுகிறார்கள்?’

‘வாழ்நாள் முழுவதும்.’

‘90 நாளிலிருந்து வாழ்நாளுக்கு எப்படிப் போனீர்கள்?’

‘இந்த வகைச் சோதனைக்கு உலகெங்கும் ஏற்றுக்கொண்ட கால அளவு அது. எலியின் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுதான் என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும்.’

‘அந்த ஆய்வுக்குச் செலவு செய்தது யார்?’

‘விண்ணப்பித்த நிறுவனம்.’

‘நன்றி. வேறு கேள்வி இல்லை.’

இங்கே அந்த மாணவியின் வழக்கறிஞர் மறு விசாரணைக்கு எழ வேண்டும். மருந்தோ விதையோ எதுவானாலும் பாதுகாப்புச் சோதனைக்கான செலவை விண்ணப்பிப்பவர் ஏற்பதுதான் பல நாடுகளிலும் வழக்கம் என்று கேட்டு வாங்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் வந்திருந்தால் அன்றைக்கு அவர் தரப்பு தோற்றுப்போகும். அடுத்த முறை தெரிந்துகொண்டு வருவார்.

இப்போது மறுபக்கம். பி.டி. பருத்திக் காட்டில் மேய்ந்த ஆடுகள் செத்துப்போயின என்று எதிர்ப்புத் தரப்புச் சாட்சி சொல்கிறார். 2006இல் அப்போதைய ஆந்திரத்தின் வாரங்கல் பகுதியிலிருந்து வந்த செய்தி அது. குறுக்கு விசாரணை எழுகிறது. நீங்கள் நேரில் பார்த்தீர்களா? உடற்கூறு ஆய்வு நடந்ததா? அந்த வயலில் வேறு பூச்சிமருந்து அடித்திருந்தார்களா? அதே மந்தையில் சாதாரணப் பருத்திக் காட்டில் மேய்ந்த ஆடுகள் என்ன ஆயின? மனத்தில் ஆழமாகப் பதிந்த ஒரு செய்தி சில கேள்விகளில் எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பதை, அதை நம்பி வந்த பிள்ளை தானே கூண்டில் நின்று உணர்வது பெரிய கல்வி. ‘யாரோ சொன்னார்கள்’ என்பது சான்றாகாது என்று வகுப்பில் பத்துத் தடவை சொன்னாலும் இந்த அளவுக்கு ஏறாது.

அப்போது வல்லுநர்கள் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதும் இந்த வழக்கின் சிறப்பு. பசுமைப் புரட்சிக்கு உழைத்த எம். எஸ். சுவாமிநாதன் நிதானம் வேண்டும், நீண்டகால நச்சு ஆய்வு வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றம் ஒப்புதல் குழுவுக்குப் பார்வையாளராக அனுப்பிய விஞ்ஞானி பி. எம். பார்கவா கடுமையாக எதிர்த்தார். ஒப்புதல் கொடுத்த குழுவிலும் விஞ்ஞானிகளே இருந்தார்கள். விஞ்ஞானி சொல்லிவிட்டார் என்று முடித்துக்கொள்ள வழியில்லாத இடத்தில் மாணவர் என்ன செய்வார்? அந்த விஞ்ஞானி எதை வைத்துச் சொன்னார் என்று தேடிப் போக வேண்டியதுதான்.

இதற்குத் தம்பி போல ஒரு வழக்கு மரபணு மாற்றக் கடுகு. 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அதில் இருவேறு தீர்ப்பு எழுதினார்கள். ஒப்புதல் செல்லாது என்றார் நீதிபதி நாகரத்னா; செல்லும் என்றார் நீதிபதி சஞ்சய் கரோல். நாட்டுக்கு ஒரு தெளிவான கொள்கை வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். ஒரே ஆவணக் கட்டைப் படித்த இரண்டு நல்ல மனங்கள் இரண்டு முடிவுக்கு வரலாம். என்னோடு ஒத்துப்போகாதவன் முட்டாள், இல்லையென்றால் விலைபோனவன் என்று பேசிப் பழகிய காலத்தில் பிள்ளைகள் இந்த இரு தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

தரப்பைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள் என்று ஆசிரியர்களிடம் நான் வற்புறுத்துவேன். காரணம் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லார்டு, ராஸ், லெப்பர் என்ற உளவியலாளர்கள் 48 மாணவர்களிடம் ஒரு சோதனை செய்து 1979இல் வெளியிட்டார்கள். பாதிப் பேர் மரண தண்டனையை ஆதரிப்பவர்கள், பாதிப் பேர் எதிர்ப்பவர்கள். மரண தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்று ஓர் ஆய்வு, இல்லை என்று ஓர் ஆய்வு, இரண்டையும் எல்லாருக்கும் படிக்கக் கொடுத்தார்கள். படித்த பிறகு இரு தரப்பும் நெருங்கி வரும் என்றுதானே நினைப்போம்? தனக்குச் சாதகமான ஆய்வு நன்றாகச் செய்யப்பட்டது, மற்றதில் ஓட்டை என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். தங்கள் கருத்தில் முன்னைவிட இறுகிப்போனோம் என்றார்கள். ஆதாரத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது.

1984இல் அவர்களில் இருவர் வேறொரு துணையோடு தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பாரபட்சம் இல்லாமல் பாருங்கள் என்று அறிவுரை சொன்னால் பலனில்லை. ‘இதே ஆய்வு எதிரான முடிவைத் தந்திருந்தால் இதை இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா?’ என்று யோசிக்கச் சொன்னபோதுதான் சாய்வு குறைந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞராக உட்கார்த்தி வைக்கும்போது மாதிரி நீதிமன்றம் ஒரு மாணவரை வாரக்கணக்கில் இந்த யோசனையில் இருக்கவைக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜான்சன் சகோதரர்கள் வகுப்பறைக்காக வகுத்த முறையில் இன்னும் ஒரு படி உண்டு. ஒரு பக்கம் வாதாடி, பிறகு பக்கம் மாறி வாதாடி, கடைசியில் இரண்டு பக்கத்தையும் கீழே போட்டுவிட்டு எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவை எழுத வேண்டும். அந்தக் கடைசிப் படியை நம் கல்லூரிகள் விட்டுவிடக் கூடாது.

கத்தரிக்காயில் தரப்பு மாறுவது எளிது. ஜல்லிக்கட்டில் மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டு வேண்டும் என்று மெரினாவில் திரண்ட பிள்ளைகளின் தம்பி தங்கைகள்தான் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து விலங்கு நல வாரியத்தின் சார்பில் வாதாட வேண்டும் என்றால் தொண்டை அடைக்கும். ஆனாலும் ஜல்லிக்கட்டைத் தடைசெய்த உச்ச நீதிமன்றத்தின் 2014 மே 7 தீர்ப்பைப் படித்தால், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் வாரியத்தின் ஆட்கள் பார்த்து எழுதிய விவரங்கள் அதில் இருக்கின்றன என்று தெரியும். அந்தச் சான்றுகளுக்கு நேராகப் பதில் சொல்லிப் பழகிய ஆதரவாளர் முன்னைவிட வலுவான ஆதரவாளர் ஆவார். தமிழ்நாடு 2017இல் சட்டம் திருத்தியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. இடையில் மாறியது என்ன, மாறாதது என்ன என்று கோப்பு கட்டும் மாணவர் ஒரு நல்ல ஆராய்ச்சிக் கட்டுரைக்கான உழைப்பைச் செய்திருப்பார்.

எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கூண்டில் ஏற்றக் கூடாது. இரண்டு மேசைகளை எதிரெதிரே போட்டவுடனேயே இரண்டு பக்கத்துக்கும் சம எடை இருப்பதாக ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. பூமி சூடாகிறதா, போலியோ சொட்டு மருந்து வேலை செய்கிறதா என்பவை இன்று வழக்குகளே அல்ல. சான்று ஒரு பக்கம் குவிந்துகிடக்கிறது. எண்ணூர்ப் பகுதியில் இன்னொரு அனல்மின் நிலையம் வேண்டுமா என்பது வழக்கு. அதில் மின்தேவை, மீனவர் வாழ்வு, சாம்பல், வேலைவாய்ப்பு எல்லாம் மோதுகின்றன.

ஒருபக்கச் சான்று உள்ள விஷயமே உண்மையான நீதிமன்றத்துக்குப் போய், அங்கே குறுக்கு விசாரணை தன் வேலையை அழகாகச் செய்ததும் உண்டு. பென்சில்வேனியாவின் டோவர் என்ற ஊரில் பள்ளி வாரியம், உயிர்கள் பரிணாமத்தால் வந்தன என்பதற்கு மாற்றாக ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற கருத்தைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தச் சொன்னது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2005இல் நடந்த விசாரணையில் வாரியத் தரப்பின் முக்கியச் சாட்சி மைக்கேல் பீஹி என்ற உயிர்வேதியியல் பேராசிரியர். நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியல் ஏடுகளில் விடையே இல்லை என்று முன்பு எழுதியிருந்தவர். பெற்றோர் தரப்பு வழக்கறிஞர் அதே பொருளில் வந்த 58 ஆய்வுக் கட்டுரைகளையும் சில நூல்களையும் அவர் முன்னால் அடுக்கினார். போதாது என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. அவர் சொல்லும் இலக்கணப்படி சோதிடமும் அறிவியல் கோட்பாடாகுமா என்று கேட்டபோது, ஆகும் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நீதிபதி ஜான் ஜோன்ஸ் டிசம்பர் 20 அன்று பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தார். அந்த விசாரணைப் பதிவு முழுவதும் பொதுவில் கிடைக்கிறது. குறுக்கு விசாரணை கற்க விரும்பும் மாணவருக்கு அதைவிட நல்ல பாடநூலை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது எச்சரிக்கை இதைவிட முக்கியம். ஒரு பிள்ளையின் பிறப்பையோ மானத்தையோ கூண்டில் ஏற்றாதீர்கள். தீண்டாமையால் காயப்பட்ட வீட்டிலிருந்து வந்த மாணவியைச் சீட்டுக் குலுக்கி ஆணவக்கொலைக்கு ஆதரவாக வாதாட வைப்பது கல்வியாகாது, கொடுமை. ஒரு மனிதர் சமமானவரா என்பது விவாதப் பொருளே இல்லை. கொள்கை, சட்டம், திட்டம், தொழில்நுட்பம் ஆகியவற்றில் மட்டும் சீட்டுக் குலுக்குங்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கின் மனிதர்களையும், பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களையும் தொடவே வேண்டாம்.

நடைமுறைக்கு வருவோம். மேடை அலங்காரம், கறுப்பு அங்கி, சுத்தியல் ஒன்றும் தேவையில்லை. கோப்பு தயாரிக்கத்தான் நேரம் வேண்டும். இரு தரப்பும் முதல் நாளே எல்லாச் சான்றுகளையும் பரிமாறிக்கொள்ளட்டும். கடைசி நேரத்தில் பையிலிருந்து எடுத்து நீட்டும் காகிதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். நூலகரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எடுத்த ஒரு படம் உண்மையில் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை முதலாண்டு மாணவர்களிடம் கொடுங்கள். எங்கள் அனுபவத்தில், பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் இளைஞர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பதும் இதைத்தான்.

தமிழில் நடத்துங்கள். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழக்கு மொழி. குறுக்கு விசாரணை, சான்றாவணம், பிறழ் சாட்சி என்று சொற்கள் தயாராக இருக்கின்றன. நச்சியலையும் புள்ளியியலையும் தமிழில் விளக்கி, கேட்பவருக்குப் புரியவைக்க முடியாத மாணவர் அந்தப் பாடத்தைத் தாமே இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஜூரி முறை நம் நீதிமன்றங்களைவிட்டுப் போய்விட்டாலும் கல்லூரியில் அது வேண்டும். வேறு துறை மாணவர்கள், விடுதிச் சமையல்காரர், தோட்டக்காரர், பேருந்து ஓட்டுநர் என்று பன்னிரண்டு பேரை உட்காரவையுங்கள். அவர்களுக்குப் புரியும்படி பேசுவது பேராசிரியர்களிடம் பேசுவதைவிடக் கடினம்.

தீர்ப்பு எப்படி இருக்க வேண்டும்? 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஒரு விவரத்துக்கு மூன்று நிலைகளைச் சொன்னது: நிரூபிக்கப்பட்டது, பொய்யென்று நிரூபிக்கப்பட்டது, நிரூபிக்கப்படாதது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஆம், இல்லை என்ற இரண்டை மட்டும் ஜூரியிடம் கேட்காதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இந்த மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொல்லுங்கள். மூன்றாவதைக் குறித்தவர்களிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: எந்தச் சான்று வந்திருந்தால் மனம் மாறியிருப்பீர்கள்? அந்தப் பதில்களைத் தொகுத்தால் துறையின் அடுத்த ஆண்டு ஆராய்ச்சித் திட்டங்களுக்குத் தலைப்புகள் கிடைத்துவிடும்.

இது எங்கள் பக்கத்து வாக்குறுதி. உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு விசாரணை நடத்தினால், வழக்குக் கோப்பையும் குறுக்கு விசாரணைப் பதிவையும் எங்களுக்கு அனுப்புங்கள். தேர்ந்தெடுத்தவற்றை வரும் இதழ்களில் பக்கம் ஒதுக்கி வெளியிடுவோம். கலை, அறிவியல், வேளாண்மை, பாலிடெக்னிக் எதுவானாலும் சரி. வெற்றி பெற்றது யார் என்று எழுத வேண்டாம். இரு தரப்புச் சான்றுகளும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும்; ஒவ்வொரு சான்றின் கீழும் அது எங்கிருந்து வந்தது, யார், எந்த ஆண்டில் எழுதியது என்ற குறிப்பு வேண்டும்; வாதாடிய ஒவ்வொருவரும் விசாரணைக்கு முன் தம் கருத்து என்னவாக இருந்தது, பின் என்னவாயிற்று என்று ஐந்து வரி எழுதி இணைக்க வேண்டும். கருத்து மாறவில்லை என்றால் அதையும் எழுதலாம்.

அன்புடன்,
ஆசிரியர்